நார்கோலெப்சி: பிடித்ததும் பிடிபடாததும்

பழைய கிரேக்க மீனவர்கள் ஒரு மீனை நார்க்கே என்று அழைத்தார்கள். திருக்கை இனம், தொட்டால் மின்சாரம் பாய்ச்சும். மின்சாரம் என்ற எண்ணமே இல்லாத காலம். தொட்டவன் கை மரத்துப்போகிறது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஆகவே மரமரப்புக்கும் நார்க்கே என்றே பெயர், அதைத் தரும் மீனுக்கும் நார்க்கே என்றே பெயர். பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலில், கேள்வி மேல் கேள்வி கேட்கும் சாக்ரடீஸைப் பார்த்து மேனோ சலித்துக்கொள்வது இந்த மீனை வைத்துத்தான்: கிட்டே வருகிறவர்களின் வாயையும் மனத்தையும் மரக்கச் செய்கிறவர் என்கிறான். முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் இதையே வைத்தியமாக்கினார். கால் வீங்கி வலியால் துடிப்பவர்கள் ஈரக் கடற்கரையில் உயிருள்ள மீனின்மேல் காலை வைத்து, முழங்கால்வரை மரக்கும்மட்டும் நிற்க வேண்டும். நம் தரங்கம்பாடிக் கடலின் மின்திருக்கை ஒன்றை ப்ளாக், ஷ்னைடர் என்ற இரு ஜெர்மானியர்கள் 1801இல் நூலில் ஏற்றினார்கள். இன்று அதன் அறிவியல் பெயர் நார்சினே டிம்லே. அந்த நார்சினேக்குள் இருப்பதும் இதே நார்க்கேதான்.

நார்கோலெப்சி தூக்கம் சார்ந்த நோய். ஆனால் அதன் பெயரின் முன்பாதியான இந்தச் சொல்லில் தூக்கம் எங்கேயும் இல்லை. மரத்துப்போதல் மட்டுமே இருந்தது. மரக்கச் செய்யும் மருந்துகளை கிரேக்க வைத்தியர்கள் நார்கோட்டிகோஸ் என்றார்கள். அபின் அந்த வரிசையில் இருந்தது. அபின் தூங்கவும் வைக்கும். அதன் முதுகில் ஏறித்தான் தூக்கம் இந்தச் சொல்லுக்குள் நுழைந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதே சொல் போலீஸ் கையில் சிக்கியது. இந்தியாவில் இன்று ‘நார்கோ’ என்றாலே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு நினைவுக்கு வரும். அல்லது, ஒருவரது சம்மதமில்லாமல் நடத்தக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நார்கோ அனாலிசிஸ் சோதனை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அழைத்துவந்த தாயிடம் ‘நார்கோலெப்சி’ என்று டாக்டர் சொன்னால், அவருக்கு முதலில் எழக்கூடிய பயம் தூக்கத்தைப் பற்றியதாக இருக்காது.

பெயரின் பின்பாதி லெப்சிஸ். பிடித்தல், கவ்வுதல் என்று பொருள். எபிலெப்சி என்ற வலிப்பின் பெயரிலும் இதுவே இருக்கிறது. எங்கிருந்தோ வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும் ஒன்றாக கிரேக்கர்கள் நோயைக் கண்டார்கள். இதைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். நமக்குச் சளி பிடிக்கும், பித்துப் பிடிக்கும், பேய் பிடிக்கும், சனி பிடிக்கும்.

இரண்டு பாதியையும் சேர்த்துத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் வேடிக்கை. உடம்பு மரத்துப்போவதற்குத் தமிழில் திமிர் என்று பெயர். அகராதிகளில் அந்தப் பொருளும் உண்டு, சித்த மருத்துவத்தில் திமிர்வாதம் என்றே ஒரு நோய் உண்டு. ஆக, நார்கோலெப்சி என்பதன் நேர்ப்பொருள் திமிர் பிடித்தல். நம் காதில் அதற்கு வேறு பொருள். வகுப்பில் கேள்வி கேட்டால் கண்ணை மூடுகிற, அதட்டினால் பதில் சொல்லாத பையனை வாத்தியார் எப்படித் திட்டுவார்? ‘திமிர் பிடிச்சவன்.’ அகராதிப்படி அவர் சொன்னது சரியான நோய்க்கணிப்பு. அவர் நினைத்துச் சொன்னது முழுத் தவறு.

இந்தப் பெயரை உண்டாக்கியவர் கிரேக்கர் அல்லர், பிரெஞ்சுக்காரர். ழான் பாப்டிஸ்ட் எதுவார் ஜெலினோ, போர்தோ பக்கத்து ஊர்க்காரர். கடற்படை மருத்துவராக இருந்தவர். பிறகு தம் பெயரிலேயே வலிப்புக்கு மாத்திரை விற்றவரும்கூட. புரோமைடும் ஆர்செனிக்கும் கலந்த அந்த மாத்திரை நன்றாகவே விற்றது. 1880இல் பாரிஸின் மருத்துவமனை இதழொன்றில் ‘நார்கோலெப்சி’ என்ற தலைப்பில் எழுதினார். அவரிடம் வந்தவருக்கு 38 வயது. மதுப் பீப்பாய் வியாபாரி. சாப்பாட்டுக்கு நடுவே நாலைந்து முறை தூங்குவார். ஒரு நாளைக்கு இருநூறு தடவைவரை தூக்கம் வந்து பிடிக்கும். பாரிஸ் தாவரத் தோட்டத்தில் குரங்குக் கூண்டின் முன்னால் நின்றபடியே தூங்கினார். தூக்கத்துக்கும் முன்பே அவருக்கு இன்னொரு தொந்தரவு தொடங்கியிருந்தது. வாய்விட்டுச் சிரித்தால் கால் துவளும். நல்ல வியாபாரம் படியப்போகிறது என்றால் துவளும். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு கைக்கு வந்தால் கையை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஜெலினோ இரண்டையும் பார்த்தார், இரண்டையும் எழுதினார், பெயரை மட்டும் ஒன்றுக்கே வைத்தார். சரிந்து விழுவதை அஸ்டேசியா, அதாவது நிற்க முடியாமை என்று தனியே ஒதுக்கிவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1877இல், பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் இப்படிப்பட்ட நோயாளியைப் பற்றி விளக்கமாகவே எழுதியிருந்தார். ஆனால் பெயர் வைக்கவில்லை. விவரித்தவரைவிடப் பெயர் வைத்தவருக்குத்தான் வரலாறு வாய்க்கிறது.

ஒதுக்கப்பட்ட அந்தச் சரிவுக்குப் பெயர் கிடைத்த கதை இன்னும் கோணல். காட்டப்ளெக்சிஸ் என்றால் கிரேக்கத்தில் அடித்து வீழ்த்துதல். பேரச்சத்தால் திகைத்து நிற்பது. 1878இல் வில்லியம் ப்ரையர் என்ற உடலியல் அறிஞர், பயத்தில் கல்லாய்ச் சமைந்துவிடும் பிராணிகளுக்கு இதைப் பயன்படுத்தினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லோவன்ஃபெல்ட், ஹென்னெபெர்க் போன்ற ஜெர்மன் மருத்துவர்கள் நார்கோலெப்சி நோயாளிகளின் சரிவோடு இந்தச் சொல்லை இணைத்தார்கள். காட்டப்ளெக்சி என்று அது நிலைத்துவிட்டது. அச்சத்துக்குப் பிறந்த சொல், பெரும்பாலும் சிரிப்பால் வருகிற ஒன்றுக்குப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ‘விழுந்து விழுந்து சிரித்தான்’ என்று நாம் மிகைக்காகச் சொல்கிறோம். இந்த நோயுள்ள பிள்ளைக்கு அது மிகையே இல்லை. நண்பன் ஒரு ஜோக் சொல்வான். முழங்கால் மடங்கும், தலை தொங்கும், சில சமயம் அப்படியே தரையில் குவிந்துவிடுவான். சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடம். பேச்சு காதில் விழுந்துகொண்டேயிருக்கும், நினைவு தப்பாது. வலிப்பிலிருந்தும் மயக்கத்திலிருந்தும் இதைப் பிரித்துக்காட்டும் அடையாளம் அதுதான்.

பெயர் எந்த ஆளைப் பார்த்து வைக்கப்படுகிறதோ, அந்த ஆளையே பிறகு எல்லாரும் தேடுவார்கள். ஜெலினோவின் ஆள் நடுவயதுக்காரர். பாடப்புத்தகத்தின் நார்கோலெப்சி நோயாளியும் வெகுகாலம் நடுவயதுக்காரராகவே இருந்தார். நோய்வாய்ப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் அறிகுறி இருபது வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. அது அதிகம் தொடங்கும் வயது 15ஐ ஒட்டி. இரண்டாயிரம் பேரில் ஒருவர், அல்லது நாலாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் உள்ள நோய். நினைப்பதுபோல் அவ்வளவு அபூர்வமல்ல. ஆனாலும் தொடங்கியதற்கும் கண்டுபிடிப்பதற்கும் நடுவே பத்தாண்டு ஓடிவிடுவது சர்வசாதாரணம். பன்னிரண்டு வயதில் தொடங்கியவன் கல்லூரி முடித்து வேலை தேடும் காலத்தில்தான் தனக்கு என்ன என்று தெரிந்துகொள்கிறான். அதுவரை அவன் சுமந்ததெல்லாம் மற்றவர்கள் வைத்த பெயர்களை.

அந்தப் பெயர்களில் ஒன்று தூங்குமூஞ்சி. சாயங்காலமானால் இலை கூம்பும் மரத்துக்கும் அதுவே பெயர், வகுப்பில் சாய்கிற பிள்ளைக்கும் அதுவே பெயர். 2008இல் இத்தாலியின் போலோன்யா ஆய்வாளர்கள், நோய் தொடங்கிய புதிதில் இருந்த குழந்தைகளை வீடியோவில் பிடித்துப் பார்த்தபோது, முகத்தைத்தான் குறித்துவைத்தார்கள். இமை பாதி சரிந்திருக்கும், வாய் சற்றே திறந்திருக்கும், நாக்கு வெளியே எட்டிப்பார்க்கும். முகம் தளர்ந்து கள்ளுண்டவன் முகம்போல் இருக்கும். இதற்குச் சிரிப்புகூடத் தேவையில்லை. சும்மா இருக்கும்போதே வரும். சில பிள்ளைகளுக்குத் தளர்ச்சியோடு முகச்சுளிப்பும் நெளிவும் சேர்ந்துகொள்ளும். பெரியவர்களின் காட்டப்ளெக்சியை மட்டுமே படித்த மருத்துவருக்கு இது அடையாளம் தெரியாது. தூங்குமூஞ்சி என்று திட்டிய வாத்தியார் பார்த்தது என்னவோ உண்மையான அறிகுறி.

கும்பகர்ணன் என்று இன்னொரு பெயர். இந்திராசனம் கேட்கப் போனவன் நாக்குப் புரண்டு நித்திராசனம் கேட்டுவிட்டான் என்பது கதை. ஒரு சொல் பிசகியதால் வந்த தூக்கம் என்பதால் இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமானவன்தான். நோய்க்குப் பொருந்தமாட்டான். அவன் தூங்கினால் ஒரே மூச்சாகத் தூங்குவான். நார்கோலெப்சி உள்ளவரின் இரவுத் தூக்கமோ துண்டுதுண்டாக உடைந்தது. அடிக்கடி விழிப்பு, நனவுபோல் தெளிவான கெட்ட கனவுகள். தூங்கப்போகும்போதோ விழிக்கும்போதோ கைகால் அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஊரில் அதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். எட்டு வயதுப் பிள்ளை மூலையில் ஆள் நிற்கிறது என்று அலறினால் நாம் மந்திரிக்கக் கூட்டிப்போவோம். சில வீடுகளில் மனநல மருத்துவரிடம். உண்மையில் நடப்பது வேறு: கனவு காணும் தூக்கம் தன் எல்லையை மீறி விழிப்புக்குள் புகுந்துவிடுகிறது. அந்தத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் இயல்பாகவே கட்டப்பட்டிருக்கும். காட்டப்ளெக்சி என்பது அந்தக் கட்டு பகல் வெளிச்சத்தில் வந்து விழுவது. ஜெலினோ தனியே ஒதுக்கிவைத்தது நோயின் நடுநரம்பையே என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது பெயர் வாலு, அடங்காதவன். இதுதான் பெரியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. தூக்கம் பிடித்த பெரியவர் மந்தமாவார். தூக்கம் பிடித்த குழந்தை அதை எதிர்த்துத் துள்ளும், எரிந்துவிழும், ஓரிடத்தில் உட்காராது. கவனக்குறைவு என்று முத்திரை விழுந்து, அதற்கான மருந்தும் தொடங்கிவிடலாம். அந்த மருந்துகளில் சில விழிப்பைத் தருபவை என்பதால் கொஞ்சம் பலனும் தெரியும், தவறான பெயர் மேலும் கெட்டியாகும்.

வேறு எதைப் பார்க்கலாம்? பகல்தூக்கத்தை ஐந்து வயதுக்குள் விட்டுவிட்ட பிள்ளை ஏழு, எட்டு வயதில் அதற்குத் திரும்பினால் கவனிக்க வேண்டும். பள்ளி வேனில் ஏறியதும், சோற்றில் கை வைத்தபடியே, விளையாட்டின் நடுவே தூங்குவது. நோய் தொடங்கிய சில மாதங்களில் எடை சட்டென்று ஏறுவது. சிலருக்குப் பருவமடைதல் வயதுக்கு முந்தி வந்துவிடுவது. எனக்கு மிகவும் மனத்தைத் தைப்பது நோட்டுப் புத்தகம்தான். பிள்ளை எழுதிக்கொண்டே தூங்கிவிடும், கை நிற்காது. ஒழுங்காகப் போன வரி நடுவில் சாய்ந்து, கோழி கிளறியது போலாகி, கோட்டைத் தாண்டி ஓடியிருக்கும். கையெழுத்து மோசம் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பெயர் வைப்பதில் குழப்பம் பழைய காலத்தோடு முடியவில்லை. 1998இன் தொடக்கத்தில், சில வார இடைவெளியில், அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் மூளையின் ஹைப்போதலாமஸில் ஒரே வேதிப்பொருளைக் கண்டுபிடித்தன. கலிஃபோர்னியாவில் டி லெசியாவின் குழு, ஹைப்போதலாமஸையும் செக்ரெட்டின் என்ற ஹார்மோனையும் ஒட்டவைத்து ஹைப்போக்ரெட்டின் என்றது. டெக்சஸில் சகுராய், யனகிசாவா குழு, எலிக்குக் கொடுத்தால் அதிகம் தின்கிறது என்பதால், பசி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓரெக்சின் என்றது. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டில், இறைச்சித் துண்டைக் கண்டால் மகிழ்ச்சியில் துவண்டு விழும் டாபர்மேன் நாய்களை வருடக்கணக்காக வளர்த்து ஆராய்ந்துவந்த மின்யோ குழு, அவற்றின் கோளாறு இந்தப் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் இருப்பதைக் காட்டியது. 2000இல் மனிதரிடம் பார்த்தார்கள். தண்டுவட நீரில் அந்தப் பொருள் பெரும்பாலோரிடம் இல்லவே இல்லை. இறந்தவர்களின் மூளையில் அதைச் சுரக்கும் செல்களில் பத்தில் ஒன்பது காணாமல் போயிருந்தது. மொத்தமே எழுபது, எண்பதாயிரம் செல்கள்தான். அவை போனால் விழிப்பைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லை.

பசியின் பெயரைச் சுமந்த பொருளுக்கு முக்கிய வேலை விழிப்பு என்று தெரியவந்தது. பசியைத் தூண்டுவது இல்லாமல் போனால் பிள்ளை இளைக்க வேண்டும், பெருக்கிறது. இரண்டு பெயரும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. மரபணுவுக்கு ஹைப்போக்ரெட்டின் பெயர், மருந்துக் கடையில் ஓரெக்சின் பெயர் என்று பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

செல்களைக் கொல்வது யார்? உடம்பின் காவல்படையே என்பதற்குச் சான்றுகள் குவிந்திருக்கின்றன. ஜப்பானில் 1984இல் ஹோண்டா, ஜுஜி ஆகியோர் நோயாளிகள் அநேகமாக எல்லாரிடமும் ஒரே வகை நோயெதிர்ப்பு மரபுக்குறி இருப்பதைக் கண்டார்கள். பிறகு 2010இல் பின்லாந்திலும் சுவீடனிலும், முந்தைய ஆண்டின் பன்றிக்காய்ச்சலுக்கு எதிராகப் பாண்டம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போட்டுக்கொண்ட சிறுவர்களிடையே நார்கோலெப்சி பல மடங்கு கூடியது. அதே காலத்தில் சீனாவில், அந்தத் தடுப்பூசி போடாதவர்களிடையேயும், காய்ச்சல் அலைக்குப் பின்னால் எண்ணிக்கை ஏறி மறுபடி இறங்கியது. அந்தத் தடுப்பூசி இப்போது வழக்கில் இல்லை; இதைச் சொல்லி மற்ற ஊசிகளை மறுக்கிறவர்கள் சீனக் கதையைச் சொல்வதில்லை. ஒன்று மட்டும் நடந்தது. வட ஐரோப்பாவின் செய்தித்தாள்களில் நார்கோலெப்சி ஒரே ஆண்டில் குழந்தைகளின் நோய் ஆகிவிட்டது. அமெரிக்காவின் யோஸ், டேலி என்ற இருவர் குழந்தைகளின் நார்கோலெப்சி பற்றி மருத்துவ இதழில் எழுதி அப்போது அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

சந்தேகம் வந்தால் போக வேண்டியது குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடமோ தூக்கவியல் மருத்துவரிடமோ. சிரிக்கும்போது சரிவதைச் செல்போனில் எடுத்துக்கொண்டு போனால், வாயால் சொல்வதைவிட அது பேசும். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு கேட்பார்கள். ஓர் இரவு முழுக்கத் தலையிலும் முகத்திலும் கம்பிகள் ஒட்டித் தூக்கத்தைப் பதிவுசெய்வார்கள். மூச்சுத் தடையால் வரும் தூக்கக்கேடு இல்லை என்பதும் அதில் தெரிந்துவிடும். மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாலைந்து தடவை, இருபது நிமிடம் தூங்க வாய்ப்புக் கொடுப்பார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு முறை நேரே கனவுத் தூக்கத்தில் இறங்கினால் நார்கோலெப்சி என்பது கணக்கு. இராத் தூக்கத்தின் தொடக்கத்திலேயே அப்படி இறங்கியிருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். மிகச் சிறிய குழந்தைகளிடம் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அங்கே தண்டுவட நீர்ச் சோதனை கைகொடுக்கும்.

செத்த செல்களைத் திருப்பித் தர முடியாது. ஆனால் பிள்ளையின் நாளைத் திருப்பித் தரலாம். முதல் மருந்து மருந்தே அல்ல: மதியம் ஒன்றோ இரண்டோ குட்டித்தூக்கம், பதினைந்து இருபது நிமிடம், பள்ளிக்கூடத்திலேயே. அதற்கு ஒரு பாயும் ஓர் ஓரமும் ஒரு தலைமையாசிரியரின் மனமும் வேண்டும். மூன்றாவதுதான் கிடைப்பது அரிது. தேர்வில் இடைவேளையும் கூடுதல் நேரமும் கேட்டு மருத்துவர் கடிதம் தருவார். தனியே நீச்சலுக்கு அனுப்பக் கூடாது, சாலையில் சைக்கிள் பற்றி யோசிக்க வேண்டும். விழிப்புக்கு மெத்தில்ஃபெனிடேட், மோடஃபினில். சரிவுக்கு வென்லஃபாக்சின் போன்றவை. வென்லஃபாக்சினை வீட்டாரே திடீரென்று நிறுத்திவிட்டால் சரிவு விடாமல் மணிக்கணக்கில் தொடரும் அபாயம் உண்டு. மோடஃபினில் தொடங்கியபின் தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவில் கொடுக்கும் சோடியம் ஆக்சிபேட் தூக்கத்தையும் சரிவையும் சேர்த்தே கவனிக்கிறது. அமெரிக்காவில் ஏழு வயது முதல் கொடுக்க 2018இல் அனுமதித்தார்கள். அளவும் சேர்மானமும் மருத்துவர் முடிவு.

2014இல் வந்த உலக வகைப்பாட்டில் நோய்க்குப் புதுப் பெயர் கிடைத்தது: நார்கோலெப்சி வகை 1, வகை 2. ஓரெக்சின் இல்லாததும் காட்டப்ளெக்சியும் முதல் வகையின் அடையாளங்கள். ஜெலினோ பிரித்ததை எண் போட்டுச் சேர்த்துவிட்டார்கள். அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. நாய்களும் நோயாளிகளும் கற்றுத்தந்த அறிவை வைத்து, ஓரெக்சினை அடைத்துத் தூங்கவைக்கும் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது: சுவோரெக்ஸன்ட். தூக்கம் வராதவர்களுக்கு. அந்த வழியில் வரும் தூக்க மாத்திரைகள் எல்லாம் ‘ஓரெக்ஸன்ட்’ என்று முடியும். இழந்த ஓரெக்சினின் வேலையைச் செய்யும் மருந்துகளின் பெயர் ‘ஓரெக்ஸ்டன்’ என்று முடிய வேண்டும் என்பது விதி. அவை பல ஆண்டுகள் பின்தங்கியே புறப்பட்டன. அவற்றிலும் முதலில் சோதிக்கப்பட்டவர்கள் பெரியவர்கள்தான்.